அரைமணி பின்னே நின்ற இரு இயந்திரங்கள்

கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறீர் என்னும் வினாவுக்கு, வடக்கிலே பிறந்த ஒருவர் எந்நேரமும் விடை வைத்திருக்க வேண்டிய போர்க்காலம் அது. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், லொட்ஜ் ஒன்றின் மேல்மாடி அறையில் நான் வாழ்ந்தேன். பொலிஸார் வருவர், கதவுகளை வரிசையாகத் தட்டுவர், அடையாள அட்டையில் பிறந்த இடத்தை வாசிப்பர், பின்னர் அந்த வினாவைக் கேட்பர். விடை போதாதவர்கள் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் சிலர் வடக்கே வவுனியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர் என்று பிறகு கேள்விப்படுவோம். அடுத்த வாரம் அந்த அறைகளில் வேறு முகங்கள் இருக்கும்.

எனக்கோ வவுனியாவுக்குப் போவது என்பது எல்லாவற்றையும் இழப்பதாகும். மனைவி மகளுடன் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். என்னை அழைப்பதற்கான விண்ணப்பம் கொழும்பிலுள்ள தூதரகத்தில் கிடந்தது. எந்த நாளிலும் நேர்முகத்துக்கு அழைப்பு வரலாம். அன்று நான் கொழும்பில் இருந்தாக வேண்டும். வவுனியாவுக்கு ஒருமுறை போனவர் திரும்பிவருவதற்கான பாஸ் கிடையாமல் மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிடுவதைப் பலரிடம் கண்டிருந்தேன். ஆகவே கொழும்பில் நிலைத்திருப்பதே அந்நாளில் என் வாழ்வின் ஒரே அலுவல் என்று சொன்னால் மிகையாகாது.

பொலிஸாரிடம் நான் சொல்லிவந்த விடை, துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் இருந்த இரண்டு கணினிகள்.

துறைமுகத்துக்கு வந்திறங்கும் சரக்குகளை எடுத்துக் களஞ்சியத்தில் வைத்து, பின்னர் லொறிகளில் அனுப்பும் சிறிய நிறுவனம் அது. முதலாளி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர், என்னைவிட இளையவர், என்னை அண்ணன் என்றே அழைப்பார். நான் அங்கே களஞ்சிய எழுதுவினைஞனாகச் சேர்ந்தவன். கணினியை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. இயந்திரங்களுடன் வந்த தடித்த கையேடுகளை, ஒரு சொல் விளங்காவிடில் அடுத்த சொல்லுக்குப் போகாமல், வாசித்து வாசித்துப் பழகிக்கொண்டேன். கதைக்க ஆளில்லாத மாலைகளில் அந்தக் கையேடுகள் எனக்குப் பெருந்துணையாயின. இரு இயந்திரங்களில் ஒன்று தொலைபேசி வழியாக இணையத்தைத் தொட்டு மின்னஞ்சல்களைக் கொண்டுவரும். மற்றது சரக்கு விவரங்களைக் காத்து, புறப்படும் லொறிக்கெல்லாம் நேரத்துடன் ஒரு சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும்.

இரண்டும் லினக்ஸில் ஓடின. லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். அதனை உலகின் பல குழுவினர் தத்தம் முறையில் தொகுத்து வெளியிடுகின்றனர். எங்களிடம் இருந்த தொகுப்பை வெளியிட்டவர்கள் அதனைக் கைவிட்டுவிட்டார்கள். திருத்தங்கள் வருவது நின்றபின், எங்கிருந்தோ ஒருவன் மின்னஞ்சல் இயந்திரத்துக்குள் புகுந்து, எங்கள் பெயரில் குப்பைக் கடிதங்களை உலகெங்கும் அனுப்பினான். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் சிங்கப்பூர் முகவர் கோபித்து எழுதினார். முதலாளியின் மைத்துனர், இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொள்ளுப்பிட்டியிலுள்ள கம்பனியொன்றிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்று ஆலோசனை கூறினார். அப்படி ஒப்படைத்தால் அந்த நிறுவனத்தில் எனக்கு வேலையில்லை. வேலையில்லையேல் பொலிஸாருக்கு விடையுமில்லை.

வேறொரு குழுவினரின் தொகுப்புக்கு இவற்றை மாற்றித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். எல்லாத் தொகுப்புகளும் லினக்ஸ்தானே, பிறகென்ன வித்தியாசம் என்று கேட்டார். ஒரே அரிசியை வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு பக்குவத்தில் சமைப்பதைப் போன்றது என்றேன்.

"அப்ப நாங்க இவ்வளவு நாளும் சாப்பிட்டது பழஞ்சோறா அண்ணன்?"

"ஓம். இனிப் புளிச்சுப்போம்."

"சரி, மாத்துங்க. ஆனா ஒரு நாளும் வேல நிக்கக் கூடாது. நிண்டா நான் மச்சானுக்குப் பதில் சொல்ல ஏலாது. அதுக்குப் பொறகு நானும் ஒண்ணும் செய்ய ஏலாது, சொல்லிட்டன்."

புதிய இயந்திரம் ஒன்றை வைத்து, அதிலே புதிய தொகுப்பை நிறுவி, பின்னர் தரவுகளை நகர்த்துவதே ஒழுங்கான முறை. எங்களிடம் மூன்றாவது இயந்திரம் இருக்கவில்லை. சீட்டு அச்சிடும் நிரலை எழுதிய இளைஞன் கனடாவுக்குப் போய்விட்டான்; அதனைப் புதிதாக நிறுவும் வழி எவருக்கும் தெரியாது. ஆகவே அது இருந்தவாறே இருக்க, அதன் கீழுள்ள யாவற்றையும் துண்டு துண்டாக மாற்ற வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றாமல் வீட்டின் அத்திவாரத்தை மாற்றும் வேலை அது. சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஊழியர் ஒருவர் மூலம் புதிய தொகுப்பின் இறுவட்டுகளை வருவித்து, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தைத் தெரிந்தெடுத்தேன். போயாவுக்குத் துறைமுக வேலைகள் ஓய்ந்திருக்கும், லொறிகள் புறப்படா.

அன்று காலை கோயில் மணியைத் தவிர அந்த வீதியில் வேறு ஓசையில்லை. நானும் முதலாளியும் மட்டும் நிறுவனத்தின் மேல்மாடிக் கந்தோரில் இருந்தோம். அவர் மீன் வைத்த மாலுபாண்களையும் ஒரு போத்தலில் பிளேன் டீயையும் கொண்டுவந்திருந்தார். மின்னஞ்சல் இயந்திரத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். அமைப்புக் கோப்புகள் அனைத்தையும், எவர் எவருக்கு என்ன அனுமதி என்பது முதல் அச்சுப்பொறியின் பெயர் வரை, ஒன்றும் விடாமல் பாதுகாத்தேன். பழையதிலிருந்து எதையும் இழக்கலாகாது என்பதே என் சங்கற்பம். பின்னர் புதிய தொகுப்பின் பகுதிகளை ஒவ்வொன்றாகப் பழையவற்றின்மேல் ஏற்றினேன்.

எல்லாக் கட்டளைகளும் சார்ந்து நிற்கும் பொதுவான கோப்பொன்று உண்டு. அதனை மாற்றும் தறுவாயில் எல்லாமே ஆதாரமற்றுப் போகும். நான் எதைத் தட்டச்சு செய்தாலும் இயந்திரம் அறியேன் என்றது. கோப்புகளின் பட்டியலைக் கேட்டபோதும் அறியேன் என்றது. பிறர் தயவின்றித் தானே இயங்கும் சிறு நிரல் ஒன்றை இதற்கெனவே முன்கூட்டித் திறந்து வைத்திருந்தேன். அந்த ஒன்றைக் கொண்டு புதிய கோப்பை அதன் இடத்தில் வைத்தேன். பட்டியல் வந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "செத்துப் பிழைச்ச மாதிரி இருக்கே அண்ணன். ஃபாதரைக் கூப்பிடவோண்ணு யோசிச்சன்" என்றார்.

"சாகேல்ல. நாக்கு மட்டும் கொஞ்சம் விழுந்து போச்சுது."

மாலைக்குள் இரண்டும் முடிந்தன. மீள இயக்கியபோது அவர் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். இரண்டும் எழுந்தன. சீட்டு ஒன்றை அச்சிட்டுப் பார்த்தேன். எழுத்தும் கோடும் முன்போலவே இருந்தன. பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில், யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் மிக விரும்பியது. லொட்ஜில் பக்கத்து அறைக்காரர் அன்று காலைதான் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே கட்டில் மட்டும் இருந்தது. கை கழுவி, வாங்கிவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் கந்தோருக்குப் போனபோது, முதலாவது லொறி சீட்டுடன் புறப்பட்டுவிட்டது. சாரதி மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம். நாங்கள் அவரை நானா என்போம். சிறிது நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. முதலாளி எடுத்தார், சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார், என் பக்கம் திரும்பினார்.

"நானாவ மறிச்சு வச்சிருக்காங்க. சீட்டுல இருக்கிற நேரத்துக்கும் ஆமி சோதனைச் சாவடிக்குப் போன நேரத்துக்கும் அரமணி வித்தியாசமாம். களஞ்சியத்துலருந்து அங்க போக அஞ்சு நிமிஷம். மிச்ச நேரம் லொறி எங்க போச்சுது, என்ன ஏத்திச்சுதுண்ணு கேக்கிறாங்க."

லொறி என்றாலே குண்டு என்று அஞ்சிய காலம். நான் திரையைப் பார்த்தேன்; பின்னர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இயந்திரம் அரைமணி பின்னே நின்றது.

காரணம் உடனே விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்னர், மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னும் பின்னுமாக மாற்றி, ஈற்றில் பழைய நேரத்திலிருந்து அரைமணி முன்னே நிறுத்தியது. கணினி தனக்குள்ளே உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, நமது தீவுக்குரிய வித்தியாசத்தைக் கூட்டியே நேரத்தைக் காட்டும். அந்த வித்தியாசம் மாறிவிட்டது என்று இயந்திரத்துக்கு அறிவிப்பதே முறை. அந்நாளில் நான் அதை அறியேன். சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவதுபோல், இயந்திரத்தின் கடிகாரத்தையே கையால் அரைமணி தள்ளிவைத்தேன். கொழும்பில் அன்று கடிகாரம் வைத்திருந்த எல்லாரும் செய்தது அதுதான். பழைய தொகுப்பு எதையும் கேட்கவில்லை. புதிய தொகுப்போ, இணையத்தைத் தொட்டவுடன் சரியான உலக நேரத்தை விசாரித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வழக்கமுடையது. அன்று காலை அது திருத்திக்கொண்டது. மற்ற இயந்திரமும் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. கூட்ட வேண்டிய வித்தியாசமோ பழையதாகவே இருந்தது. ஒன்றையும் இழக்கலாகாதென்று நான் பத்திரமாகப் பாதுகாத்துக் கொடுத்தவற்றுள் அதுவும் ஒன்று.

இதைவிடக் கொடியது ஒன்றிருந்தது. அரசாங்கம் நேரத்தை மாற்றியபோது, அதனுடன் போரிட்டு வன்னியைத் தம் ஆட்சியில் வைத்திருந்த இயக்கத்தினர் மாற்ற மறுத்துவிட்டார்கள். கொழும்புக்கு அரைமணி பின்னே நிற்கும் நேரம் எவருடைய நேரம் என்பதைச் சாவடியில் நிற்கும் எவரும் அறிவர்.

"இது மெசின்ட பிழை. நான்தான் போய்ச் சொல்லவேணும்" என்றேன்.

"வேணாம் அண்ணன். நான் போறன். ஒங்கட ஐசி கார்டப் பாத்தாங்கண்ணா விசயம் வேற மாதிரிப் போயிரும். யாழ்ப்பாணத்து ஆள், லொட்ஜில தனிய இருக்கார், வன்னி நேரத்துல கம்பியூட்டர் ஓட்டுறார்... யோசிச்சுப் பாருங்க."

"நீங்கள் போனால் என்ன சொல்லுவியள்?"

உலக நேரத்தையும் தீவின் வித்தியாசத்தையும் அவரால் எடுத்துரைக்க இயலாது. யார் அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர் என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். அப்போது நான் ஒளிந்திருந்தவனாவேன். நானா அங்கே வெயிலில் நிற்கிறார். நான் சேர்ட்டின் மேற்பொத்தானைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினேன். தூதரகக் கோப்பு, மனைவியின் முகம், வவுனியா பஸ் எல்லாம் அந்தச் சிறு தூரத்துக்குள் என்னுடன் நடந்து வந்தன.

சாவடியில் லொறியின் சாமான்கள் முழுவதும் வீதியில் இறக்கப்பட்டிருந்தன. நானா ஒரு பெட்டியின்மேல் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும், "மாஸ்டர், நான் நேராத்தான் வந்த. ஒரு டீக்குக் கூட நிப்பாட்டல்ல, சொல்லுங்க இவங்களுக்கிட்ட" என்றார்.

சாவடிக்குப் பொறுப்பான இராணுவ அதிகாரி நடுத்தர வயதினர். என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். ஆயினும் இயன்றவரை ஒழுங்காகச் சொன்னேன். லொறி தாமதிக்கவில்லை, சீட்டு அச்சிட்ட கணினிதான் பிந்தி ஓடுகிறது, அதை நேற்று மாற்றியவன் நானே என்றேன்.

"எவ்வளவு பிந்தி?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அரைமணி, சேர்."

"சரியா அரைமணி?"

"சரியாக."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது யாருடைய நேரம் தெரியுமா?"

அறியேன் என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது வயது கடந்த ஒருவன் அதைச் சொன்னால் எவர் நம்புவர்? "தெரியும் சேர்" என்றேன். பக்கத்தில் நின்ற சிப்பாய் துப்பாக்கிப் பட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டான். "ஆனால் எங்கள் இயந்திரம் அங்கேயிருந்து அதை எடுக்கவில்லை. நாடு முழுவதும் முன்னர் அந்த நேரத்தில்தான் இருந்தது. இயந்திரம் பழைய கணக்கை மறக்கவில்லை; நான் மறக்கவைக்கவில்லை."

"காட்டு" என்றார் அவர்.

அவரும் சிப்பாயும் என்னுடன் கந்தோர்ப் படியேறினர். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டார், அதிகாரி அதில் அமரவில்லை. உலக நேரம் இது, இதனுடன் இயந்திரம் கூட்டுவது இவ்வளவு, கூட்ட வேண்டியது இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பின்னர் அவர் கண்முன்னே, கொழும்பின் புதிய கணக்கை வைத்திருக்கும் கோப்பை இயந்திரத்துக்குச் சுட்டிக் கொடுத்தேன். திரையிலிருந்த நேரம் அவருடைய கைக்கடிகாரத்துடன் ஒன்றாகியது. மற்ற இயந்திரத்திலும் அவ்வாறே செய்தேன். பழைய தவற்றையும் புதிய திருத்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த பின்னரே அவர் கதிரையில் இருந்தார்.

"இது திரும்ப மாறாதா?"

"மாறாது சேர்."

"நேற்றும் மாறாது என்றுதானே நினைத்திருப்பீர்."

அவர் முதலாளியிடம் திரும்பினார். "இந்த மெசினை இவரை விட வேறு யாருக்குத் தெரியும்?"

முதலாளி சற்றும் யோசியாமல், "ஒருத்தருக்கும் தெரியாது சேர்" என்றார். அந்தப் பதில் எனக்கு உதவவென்று சொல்லப்பட்டதா, உண்மையென்பதால் சொல்லப்பட்டதா என்பதை இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை.

"அப்படியானால் என்னைக் கேட்காமல் இவர் கொழும்பை விட்டுப் போகக் கூடாது. ஏதாவது நடந்தால் எனக்கு இவர் வேண்டும். ஒவ்வொரு நாளும் முதல் லொறிக்கு முன்னர், மெசினில் நேரத்தை அச்சிட்டுச் சாவடிக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் கடிகாரத்துடன் பார்க்க வேண்டும்."

அவர் படியிறங்கிய பிறகுதான் அந்தக் கட்டளை எனக்கு முழுமையாக விளங்கியது. கொழும்பை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று எத்தனையோ நாள் அஞ்சியவனை, கொழும்பை விட்டுப் போகாதே என்று தடுத்திருக்கிறார்கள். முதலாளி என்னையே பார்த்தபடி நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி இருந்த கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

நானா சாமான்களை மீள ஏற்றிவிட்டு வந்து வாசலில் நின்றார். "மாஸ்டர், ஒங்கட மெசின் போயாக்கு லீவு போட்டு வன்னிக்குப் பெய்த்து வந்தீக்கா?"

"இல்லை நானா. அது இருந்த இடத்திலதான் இருந்தது."

"அப்பிடியெண்டா அடுத்த மொற அத எங்கயாச்சும் அனுப்பிப்போட்டு மாத்துங்க. சாமான் ஏத்தி எனக்கு முதுகு பெய்த்து."

அடுத்த முறை வெள்ளவத்தைப் பொலிஸார் லொட்ஜுக்கு வந்தபோது, ஏன் கொழும்பில் இருக்கிறீர் என்று வழமைபோற் கேட்டார்கள். போகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர்களுக்கு அது விளங்கவில்லை. சாவடிக்குத் தொலைபேசியில் பேசினார்கள். அட்டையைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த கதவுக்குப் போனார்கள். மைத்துனரும் கொள்ளுப்பிட்டிக் கம்பனியைப் பற்றிப் பின்னர் வாய் திறக்கவில்லை.

மனைவி தொலைபேசியில் அழைத்தபோது, வேலை நிலைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்து, விசாவும் கிடைத்துவிட்டால், இனி ஒருவரிடம் போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தூதரகத்திலிருந்து அவ்வாண்டு எந்தச் செய்தியும் வரவில்லை.

ஒவ்வொரு காலையும் தாளை எடுத்துக்கொண்டு சாவடிக்கு நடந்தேன். அன்று அதிகாரியுடன் படியேறி வந்த அதே சிப்பாய்தான் பெரும்பாலும் நிற்பான். மிக இளையவன். தாளைப் பார்ப்பான், தன் மணிக்கட்டைப் பார்ப்பான், தலையசைப்பான். பல வாரங்களுக்கு எங்களிடையே நடந்தது அவ்வளவே.

பின்னொரு சமயம் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஒரு பகல் முழுவதும் அறையில் கிடந்தேன். முதலாளி களனிக்குத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தார். அன்று லொறி இல்லை. லொட்ஜில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்கு எவருக்கும் காரணமும் இல்லை. அலையோசை வந்துகொண்டிருந்தது. கூசாவில் நீர் தீர்ந்தபோது எழுந்து கீழே போய் நிரப்பிக்கொண்டு வந்து மீண்டும் படுத்தேன்.

மறுநாள் தாளுடன் சாவடிக்குப் போனேன். சிப்பாய் தாளை வாங்கவில்லை. "நேற்று எங்கே போனீர்கள், அங்கிள்?" என்று சிங்களத்தில் கேட்டான். அதட்டும் குரலா என்று முதலில் தயங்கினேன். காய்ச்சல் என்றேன். மருந்து எடுத்தீர்களா என்று கேட்டான். எடுத்தேன் என்றேன், அது பொய். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னான்.

அதன் பின்னரே தாளை வாங்கித் தன் மணிக்கட்டுடன் சேர்த்துப் பார்த்தான். நேரம் சரியாக இருந்தது. அவன் தலையசைத்தான், நான் கந்தோருக்குத் திரும்பி நடந்தேன்.